என் மகளின் டேப்லெட்டைத் திறக்க நான் யாரிடம் கெஞ்ச வேண்டும்?

‘இந்தத் தளம் உங்கள் வயதுக்கு ஏற்றதல்ல. பெற்றோரிடம் அனுமதி கேளுங்கள்.’

பொறியியல் கலந்தாய்வுத் தளத்தைத் திறக்கப் போன என் மகளுக்கு அவளுடைய டேப்லெட் காட்டிய செய்தி இது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கலந்தாய்வு. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காகவே இருக்கும் தளம். அது வயதுக்கு ஏற்றதல்லவாம். அவளுக்கு 18 முடிந்துவிட்டது. ஓட்டுப் போடலாம், வண்டி ஓட்ட உரிமம் வாங்கலாம், வங்கியில் தன் பெயரில் கணக்கு வைத்துக்கொள்ளலாம். எந்தக் கல்லூரியில் படிப்பது என்று பார்க்க மட்டும் கூடாது. பெற்றோரிடம் அனுமதி கேள் என்கிறதே, அந்தப் பெற்றோர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் அனுமதி கொடுத்துவிட்டேன். அதை அந்தப் பெட்டிக்குள் சொல்ல எனக்கு வழி இல்லை.

விருப்பப் பட்டியல் நிரப்பியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் சில நாட்கள்தான் கொடுப்பார்கள். கல்லூரிக் குறியீடு, பிரிவுக் குறியீடு, போன வருட கட்ஆஃப் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நூற்றுக்கும் மேல் வரிசைப்படுத்துகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வரிசை ஒன்று மாறினால் நான்கு வருடப் படிப்பு மாறிவிடும். அதை என் போனின் சின்னத் திரையில், விரலால் தள்ளித் தள்ளிச் செய்தாள் என் மகள். பெரிய திரை மேஜை மேல் சும்மா கிடந்தது. இரவு ஒன்பது மணிக்கு அது தானாகவே கறுத்து, ‘தூங்கும் நேரம்’ என்று நிலா படம் காட்டியது. அந்த நிலாவைப் பார்த்தாலே எனக்கு இப்போது இரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

டேப்லெட் வந்த கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். 2021, கொரோனா, ஆன்லைன் வகுப்பு, எட்டாம் வகுப்பு. ஒரு டியூஷன் நிறுவனத்து ஆள் வீட்டுக்கே வந்தார். மூன்று வருடப் பாடம், கூடவே டேப்லெட், எல்லாம் சேர்த்து மாதத் தவணை. பில் என் பெயரில். தவணை கடைசி ரூபாய் வரை கட்டி முடித்தாயிற்று. பெட்டியைப் பிரித்ததும் அவரே ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தார். என் கணவரின் அப்போதைய எண்ணை அவரே பதிவு செய்தார். ஒரு மின்னஞ்சல் முகவரியையும் அவரே உருவாக்கினார். “பேரன்ட் கன்ட்ரோல் போட்டாச்சு மேடம், இனி நீங்க நிம்மதியா இருக்கலாம்” என்றார். நான் டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போடுவதற்கு அவ்வளவு நேரம்தான் ஆனது. எடுப்பதற்கு என்ன ஆகிறது என்று இப்போது கேளுங்கள்.

வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன், இந்தியில் பேசினார்கள். சரி, ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தேன்.

“பேரன்ட் பின் நம்பர் இருக்கிறதா மேடம்?”

“இருக்கிறது.”

“அதைப் போட்டு பேரன்ட் பகுதிக்குள் போங்கள்.”

“போய்விட்டேன். ‘சந்தா முடிந்துவிட்டது, புதுப்பிக்கவும்’ என்று மட்டும்தான் வருகிறது. வேறு எதையும் தொட முடியவில்லை.”

“ஆமாம் மேடம், உங்கள் சந்தா முடிந்துவிட்டது.”

“அது எனக்கும் தெரியும். சந்தா முடிந்த பிறகு உங்கள் பூட்டு ஏன் முடியவில்லை?”

“ஒரு நிமிடம் லைனில் இருங்கள்.”

அப்புறம் பாட்டு. அப்புறம் வேறொருவர். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறேன், சொல்லுங்கள்” என்றார். அந்த எண் எங்களிடம் இல்லை, என் கணவரின் பழைய ஆபீஸ் கொடுத்த சிம், வேலையை விட்டபோது திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றேன். “பிரச்சினை இல்லை மேடம், எண்ணை மாற்றிக்கொள்ளலாம்” என்றார். எனக்கு மூச்சு வந்தது. “மாற்றுவதற்குப் பழைய எண்ணுக்கு ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்கள்.”

பழைய எண் இல்லை என்பதால்தானே ஐயா எண்ணை மாற்றச் சொல்கிறேன்!

“அப்படியென்றால் மின்னஞ்சல் அனுப்புங்கள்.”

“அனுப்புகிறேன். பில் இருக்கிறது, தவணை கட்டிய வங்கி அறிக்கை இருக்கிறது, ஆதார் இருக்கிறது, எல்லாவற்றையும் இணைத்து அனுப்புகிறேன்.”

“பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து அனுப்ப வேண்டும் மேடம்.”

அந்த மின்னஞ்சலைத் திறக்கவும் அதே பழைய எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி போகிறது. இதையும் சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “இது உங்கள் குழந்தையின் பாதுகாப்புக்காகத்தான் மேடம்” என்றார்.

அங்கேதான் எனக்கு அடக்க முடியாமல் போனது. யாரிடமிருந்து பாதுகாப்பு? என்னிடமிருந்தா? பெற்றவள் நானே அழைத்து, ஆதாரத்தோடு, வாயால் சொல்கிறேன், எடுத்துவிடுங்கள் என்று. அதைக் கேட்காத ஒரு பூட்டுக்கு ‘பெற்றோர் கட்டுப்பாடு’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். வீட்டை விற்றவன் சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு போன மாதிரி இருக்கிறது இது.

கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். சந்தாவைப் புதுப்பித்தால் பேரன்ட் பகுதி திறக்குமாம், அதற்குள் போய் நீக்கிக்கொள்ளலாமாம். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டலாமா என்றேன். மாதத் திட்டம் கிடையாது, ஒரு வருடத் திட்டம்தான். அதாவது உங்களை விட்டு விலகுவதற்கு நான் இன்னொரு வருடம் உங்களிடம் சேர வேண்டும். இதை ஒருவர் வெட்கமில்லாமல் போனில் சொல்கிறார்.

மறுநாள் அதே நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிலிருந்து அழைப்பு. மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாளாமே, நுழைவுத் தேர்வுப் பயிற்சி வேண்டுமா என்று. என்னுடைய இப்போதைய எண்ணுக்கு! விற்பதற்கு என் எண் செல்லும், திறப்பதற்குச் செல்லாது.

பஜாரில் நாங்கள் வழக்கமாகப் போகும் மொபைல் கடைக்குக் கொண்டுபோனேன். அந்தத் தம்பி நல்ல பையன். பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி, ரெக்கவரி என்ற பழுதுபார்ப்புத் திரைக்குள் போய் எல்லாவற்றையும் அழித்தான். புதுசு மாதிரி எழுந்தது. வைஃபை இணைத்ததும் ‘இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்று வந்து, அதே டியூஷன் ஆப், அதே நிலா. “அக்கா, இது சாதாரண ஆப் பூட்டு இல்ல. ஆரம்பத்துலயே சாதனத்துக்கு ஓனரா அந்த கம்பெனியப் போட்டிருக்காங்க. சாஃப்ட்வேரையே புதுசா ஏத்தி ஃப்ளாஷ் பண்ணிப் பார்க்கலாம், போர்டு போச்சுன்னா நான் பொறுப்பில்ல” என்றான். பில் என் பெயரில் இருக்கிறது. ஓனர் அவர்களாம்.

அவன் சொன்னது சரிதான். சாதாரணமாகக் கடையில் வாங்கிப் போடும் கண்காணிப்பு ஆப் என்றால், செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குள் ‘டிவைஸ் அட்மின்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் அந்த ஆப்பின் அதிகாரத்தை எடுத்துவிட்டு அழித்துவிடலாம். அது அடம்பிடித்தால் சேஃப் மோடில் எழுப்பினால், வெளியிலிருந்து போட்ட ஆப்கள் ஓடாது, அப்போது எடுக்கலாம். கூகுளின் ஃபேமிலி லிங்க் என்றால் பிள்ளைக்கு 13 ஆன பிறகு பெற்றோர் தன் போனிலிருந்தே கண்காணிப்பை நிறுத்திவிடலாம். ஆப்பிளின் ஸ்க்ரீன் டைம் என்றால், போடும்போதே ஆப்பிள் கணக்கைக் கொடுத்திருந்தால், நாலு இலக்கக் குறியீடு மறந்துபோனாலும் அந்தக் கணக்கைக் காட்டி மீட்டுவிடலாம். அதாவது பூட்டு போடுகிறவனே திறக்கவும் வழி வைப்பது ஒன்றும் தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் இல்லை. ஆனால் சாதனத்தின் உரிமையாளராகவே ஒரு நிறுவனம் தன்னைப் பதிவு செய்துகொண்டால், செட்டிங்ஸிலிருந்து ரீசெட் செய்வதைத் தடுக்கலாம், சேஃப் மோடைத் தடுக்கலாம், ஆப் போடுவதைத் தடுக்கலாம். அலுவலகங்கள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் போன்களுக்காக உண்டாக்கிய வசதி அது. அங்கே போன் அலுவலகத்தின் சொத்து, நியாயம். நான் காசு கொடுத்து வாங்கிய பொருளில் அதை ஏன் போட்டீர்கள்? போட்டதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? பாடம் முடிந்த அன்றைக்கே ஏன் எடுக்கவில்லை?

இதில் எனக்கு இன்னொரு பயமும் கோபமும். வழி தேடி இணையத்தில் இறங்கினால் ‘ஒரே நிமிடத்தில் பேரன்டல் கன்ட்ரோல் நீக்க’ என்று வீடியோ வீடியோவாக வருகிறது. கீழே ஒரு லிங்க், அதில் ஒரு ஏபிகே ஃபைல், அதாவது ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்து போடும் ஆப். அதை இறக்கினால் முதலில் கேட்பது அக்சஸிபிலிட்டி அனுமதி. பார்வை குறைந்தவர்களுக்கு உதவத் திரையைப் படித்துச் சொல்லவும், அவர்களுக்காகப் பட்டனை அழுத்தவும் வைத்த அனுமதி அது. அதை ஒரு திருடனிடம் கொடுத்தால், வங்கி ஆப்பும் ஓடிபியும் அவன் கையில். தயவுசெய்து யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள். நேர்வழியைத் தாய்க்கு அடைத்தால் பிள்ளைகள் அங்கேதான் போய் நிற்பார்கள். என் மகளே ஒன்றை இறக்கப் பார்த்தாள், நல்லவேளை பார்த்துவிட்டேன். பாதுகாப்பு பாதுகாப்பு என்று போனில் ஓதுகிறார்களே, பிள்ளைகளை இந்தக் குழியில் தள்ளுவது அவர்களுடைய பூட்டுதான்.

சட்டம் இல்லையா என்றால், காகிதத்தில் இருக்கிறது. 2023ல் கொண்டுவந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அதற்கு ஈடாக எளிதாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எனக்கு அழுகையே வந்தது. அதே சட்டம் 18 வயதுக்குக் கீழ்தான் குழந்தை என்றும் சொல்கிறது. ஆனால் அது முழுசாக நடைமுறைக்கு வருவதற்குத்தான் வருடக்கணக்கில் ஆகிறது. அதே 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை இணையத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அதில் ஒன்று சந்தாப் பொறி. வெளியேறும் வழியை மறைப்பது, சிக்கலாக்குவது எல்லாம் அதற்குள் வரும். எனக்கு நடப்பது அதுதான், வேறென்ன?

1915க்கு அழைத்துப் புகார் கொடுத்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தமிழில் பேசினார்கள், அதற்கே நன்றி சொல்ல வேண்டும். நிறுவனத்திடம் பேசிப் பார்ப்பார்கள், மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. போகத்தான் போகிறேன். டேப்லெட்டின் இன்றைய மதிப்பு இரண்டாயிரம் ரூபாய் தேறுமா என்று கணவர் கேட்கிறார். தேறாது. இருக்கட்டும். அந்த விற்பனையாளர் இன்னும் எத்தனை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எத்தனை க்யூஆர் கோடு ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறாரோ. அந்த அம்மாக்களும் ஒருநாள் என்னைப் போலவே பழைய எண்ணுக்கு வந்த ஓடிபியைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் வாங்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதை எடுப்பது எப்படி, இப்போதே என் கண் முன்னால் எடுத்துக் காட்டு என்று. காட்ட மறுத்தால் கதவைக் காட்டுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டர் வந்தது. “கோடு சொல்லுங்கம்மா” என்றார். கோடு எந்த எண்ணுக்குப் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எண்ணை மாற்றச் சொல்லி ஏஜென்சியில் எழுதிக் கொடுத்து, ஆதார் நகல் கொடுத்து, நோட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்து எவ்வளவோ நாளாயிற்று. காலி சிலிண்டரை வாசல் வரை உருட்டி வைத்துவிட்டேன். நிறைந்தது வண்டியிலேயே திரும்பிப் போய்விட்டது. நாளைக்குக் காலையில் அந்த ஏஜென்சி கதவைத் திறப்பதற்கு முன்னால் நான் போய் நிற்கப் போகிறேன்.