கூடமே கோணலாக இருந்தால்?

சனிக்கிழமை மாலை நடந்ததை நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அரங்கில் இருந்தவர்கள் நேரில் கேட்டீர்கள். வராதவர்களுக்கு அந்த இரண்டு நிமிடக் காணொளி இதற்குள் நான்கைந்து வாட்ஸ்அப் குழுக்களின் வழியாக வந்து சேர்ந்திருக்கும். மாணவர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட வந்த பேச்சாளர், நம் சிங்கப்பூரின் மரீனா பே பந்தயத்தில் இந்திய ஃபார்முலா 1 ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனின் கார் சுவரில் மோதிய படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டு, “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்று சொல்லி நிறுத்தினார். அரங்கமே சிரித்தது. “திறமை உள்ளவன் எந்த வண்டியிலும் ஜெயிப்பான்” என்று அதற்கு அவர் கொடுத்த முத்தாய்ப்பு நான்கு நாளாக என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

ஐயா நன்றாகப் பேசுகிறார், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கார்ப் பந்தயத்தைப் பற்றி அவர் சொன்னது தவறு. ஃபார்முலா 1 பந்தயத்தில் முதலில் கார், அதற்குப் பிறகுதான் ஓட்டுநர். இதைச் சொன்னால் சாக்குச் சொல்வதாக ஆகிவிடுமாம்.

அந்தப் படம் 2012ஆம் ஆண்டுப் பந்தயத்தினுடையது. அன்றிரவு நான் பாடாங் பக்கம் நின்று பார்க்கும் டிக்கெட்டில், எனக்கு முன்னால் நின்ற உயரமான மனிதரின் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நரேன் சுவரில் மோதியது உண்மை. நான் அதை மறைக்கவில்லை. ஆனால் அதே பந்தயத்தில், ஏழு முறை உலகச் சாம்பியனான மைக்கேல் ஷூமாக்கர் முன்னால் போன காரின் பின்புறத்தில் நேராகச் சென்று இடித்தார். அந்தப் படத்தை ஐயா ஏன் திரையில் போடவில்லை? அதே இரவில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த லூயிஸ் ஹாமில்டன், தன் பங்குக்கு ஒரு தவறும் செய்யாமல், கியர்பெட்டி கைவிட்டதால் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போனார். திறமை உள்ளவன் எந்த வண்டியிலும் ஜெயிப்பான் என்பதை அவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

நரேன் ஓட்டியது எச்ஆர்டி என்ற ஸ்பெயின் நாட்டு அணியின் கார். 2010 முதல் 2012 வரை மூன்றே பருவங்கள் ஓடி, ஒரு புள்ளிகூட எடுக்காமல் மூடப்பட்ட அணி அது. தகுதிச் சுற்றின் முதல் பகுதியில், மிக வேகமாக ஓட்டியவரின் நேரத்தில் 107 விழுக்காட்டுக்குள் வந்தால்தான் பந்தயத்தில் ஓடலாம் என்பது விதி. 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பருவத்தின் முதல் பந்தயமான மெல்பர்னில் அந்த அணியின் இரண்டு கார்களுமே அந்த எல்லைக்குள் வரவில்லை. இரண்டு கார்களும், இரண்டு ஆண்டுகளிலும். 2012இல் அடுத்த காரை ஓட்டியவர், அதற்கு முன் மெக்லாரன் காரில் வெற்றி மேடை ஏறிய பெட்ரோ டி லா ரோசா. அவருக்கும் ஆடத் தெரியவில்லை போலும்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் நடுவில் நரேனை இறக்கிவிட்டு அந்த இருக்கையில் டேனியல் ரிக்கார்டோ என்ற இளைஞரை உட்கார வைத்தார்கள். அக்டோபர் மாதம் டெல்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 பந்தயம் நடந்தபோது, அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் நரேனை மறுபடியும் அழைத்து ரிக்கார்டோவுக்குப் பக்கத்துக் காரைக் கொடுத்தார்கள். ஒரே அணி, ஒரே வகைக் கார். முடிவில் நரேன் 17ஆவது இடம், ரிக்கார்டோ 18ஆவது இடம். அந்த 18ஆவது இடத்துக்காரர்தான் 2014இல் ரெட் புல் காரில் ஏறியதும் ஒரே பருவத்தில் மூன்று பந்தயங்களை வென்றார். மொத்தம் எட்டு வெற்றிகளோடு ஓய்ந்தார். நரேன் அவரைவிடச் சிறந்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே ஒரு பந்தயத்தை வைத்து அப்படிச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கார் மோசமாக இருந்தால் எட்டு முறை வெல்லப் போகிறவன் யார் என்பதுகூட வெளியே தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

உடனே ஒருவர் ரெட் புல் அணியின் சாம்பியன் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பனைக் கொண்டு வருவார், தெரியும். 2024இல் ஒரே அணியில் அவர் 437 புள்ளிகள் எடுத்துச் சாம்பியன் ஆனார், அவருடைய அணித் தோழர் பெரெஸ் 152 புள்ளிகளோடு எட்டாவதாக வந்தார். அதுவும் கார்தானா என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஒருவருக்குப் பிடித்த மாதிரி ஆண்டுக்கணக்கில் செதுக்கிய காரில் இன்னொருவர் தடுமாறுவது இயல்பு என்று சொல்லி நான் இதைக் கடந்து போகிறேன். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆனால் அதே வெர்ஸ்டாப்பன் 2023 செப்டம்பரில் இத்தாலியின் மொன்சாவில் தொடர்ந்து பத்தாவது வெற்றியைப் பெற்று, இரண்டே வாரத்தில் நம் ஊருக்கு வந்து, 11ஆவது இடத்திலிருந்து புறப்பட்டு ஐந்தாவதாக முடித்து, அடுத்த வாரம் ஜப்பானின் சுசுக்காவில் மறுபடியும் முதலிடம் பிடித்தாரே, அதற்கு என்ன பதில்? மரீனா பேயில் இருந்த மூன்று நாள் மட்டும் அவருக்குக் கார் ஓட்டுவது மறந்துவிட்டதா?

இன்னொருவர், நரேன் 2005இல் அமெரிக்காவில் எடுத்த ஐந்து புள்ளிகளைக் கிண்டல் செய்வார். ஆமாம், மிஷ்லின் டயர் அணிகள் எல்லாம் விலகிக்கொண்டதால் ஆறு கார்கள்தான் ஓடின. அவர் நான்காவதாக வந்தார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இந்தியாவிலிருந்து முதன்முதலாக ஃபார்முலா 1 பந்தயத்துக்குப் போய்ச் சேர்ந்ததே பெரிது. கிண்டல் செய்பவர்கள் ஏழாவது காராக வந்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

யாரோ ஒரு பந்தயக்காரருக்காக இவருக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் பிரைம் மூவர், அதாவது கொள்கலன் இழுக்கும் லாரி, ஓட்டினேன். துறைமுகத்திலிருந்து துவாஸ், ஜூரோங் கிடங்குகளுக்குக் கொள்கலன் பெட்டி ஏற்றிப் போகும் வேலை. எனக்குக் கிடைத்த வண்டியில் மூன்றாம் கியர் நிற்காது. இடது கையால் பிடித்துக்கொண்டே ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். இருக்கையின் ஸ்பிரிங் போய்விட்டதால் சாக்கை நான்காக மடித்துப் போட்டுக்கொள்வேன். காலையில் பிரேக்குக்குக் காற்றழுத்தம் ஏறுவதற்குள் மற்றவர்கள் முதல் நடைக்குக் கிளம்பிப் போயிருப்பார்கள். யார் எத்தனை நடை ஓட்டினார்கள் என்பதை அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதுவார்கள். ஏழு மாதம் என் பெயர் கடைசியில் இருந்தது. வண்டியைப் பற்றிச் சொல்லப் போனபோது மேற்பார்வையாளர் என்னிடம் சொன்னதும் இதே பழமொழிதான். அவரும் தமிழர்தான், நன்றாகவே சொன்னார், சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

எட்டாவது மாதம் புது வண்டி வந்தது. மூன்று வாரத்தில் என் பெயர் பலகையில் இரண்டாவது இடத்துக்கு ஏறியது. “இப்போதுதான் வேலை கற்றுக்கொண்டிருக்கிறாய்” என்று மேற்பார்வையாளர் என் முதுகில் தட்டினார். நான் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன்.

பழைய வண்டியைப் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பையனுக்குக் கொடுத்தார்கள். “மூன்றாம் கியரை விடாமல் பிடித்துக்கொள் தம்பி” என்று அவனிடம் மட்டும் சொன்னேன். அந்த மாதக் கடைசியில் பலகையின் அடியில் அவன் பெயர் இருந்தது. அவன் ஓட்டத் தெரியாதவன் என்று மேற்பார்வையாளர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னபோது, நான் என் கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமையும் பேச்சு முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து எழுந்து கை தட்டிவிட்டுத்தான் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகன் தட்டவில்லை.