முதலில் அட்டவணையைத் திருத்துங்கள், மரத்தை அப்புறம் நடலாம்

பெரிய விளையாட்டுப் போட்டி எதை அறிவித்தாலும் "இது கார்பன் சமநிலைப் போட்டி" என்ற வாக்குறுதியும் கூடவே வந்துவிடுகிறது. அதாவது, போட்டியால் வெளியேறும் கார்பனுக்கு ஈடாக வேறெங்கோ குறைத்ததை 'கிரெடிட்' ஆக வாங்கிக் கணக்கை நேர்செய்துவிடுவார்களாம். இந்த முத்திரையைத் தடை செய்ய வேண்டும் என்றே நினைக்கிறேன்.

2022 கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்துக்கும் இதையேதான் சொன்னார்கள். போட்டியை நடத்தும் சர்வதேசக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் சொந்த மதிப்பீட்டிலேயே அதன் கார்பன் வெளியேற்றம் சுமார் 36 லட்சம் டன். அதிலும், புதிய நிரந்தர மைதானங்களைக் கட்டியதால் வந்த புகையில் போட்டிக் காலத்துக்கான சிறு பங்கை மட்டும் சேர்த்துக்கொண்டு, மீதியை எதிர்காலப் பயன்பாட்டின் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த மைதானங்கள் எழுந்ததே இந்தப் போட்டிக்காகத்தானே! மறு ஆண்டு ஜூனில், ஸ்விட்சர்லாந்து விளம்பரத் துறையின் நெறிமுறைக் குழு, 'கார்பன் சமநிலை' என்ற அந்தப் பிரசாரம் மக்களைத் தவறாக நம்பவைக்கிறது என்று சொல்லிவிட்டது.

கார்பன் கிரெடிட் என்பது, வேறெங்கோ ஒருவர் குறைத்த புகையை நம் கணக்கில் வரவு வைப்பது. அவர் உண்மையிலேயே குறைத்தாரா என்பதுதான் கேள்வி. லாபம் வரும் என்று எப்படியும் கட்டியிருக்கக்கூடிய காற்றாலைக்கு கிரெடிட் வாங்கினால் புதிதாக எதுவும் குறையவில்லை. மரம் நட்டாலும், விமானம் சில மணி நேரத்தில் கக்கியதை உறிஞ்ச அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இடையில் காட்டுத்தீ வந்தால் சேர்த்தது மொத்தமும் மறுபடி காற்றில்தான்.

குறைக்கவே முடியாதா என்றால், முடியும். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் 95 சதவீத அரங்கங்கள் ஏற்கெனவே இருந்தவை அல்லது தற்காலிகமானவை. டீசல் ஜெனரேட்டர்களை நம்பாமல், அரங்கங்களுக்குப் பெரும்பாலும் மின்கட்டமைப்பிலிருந்தே இணைப்பு கொடுத்தார்கள். மொத்த வெளியேற்றம் சுமார் 16 லட்சம் டன் என்கிறது அமைப்பாளர்களின் அறிக்கை. லண்டன், ரியோ ஒலிம்பிக்குகளின் சராசரியில் பாதிக்கும் குறைவு. மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அங்கேயும் பாதிக்கு மேல் பயணத்தால் வந்ததுதான். கத்தாரிலும் அப்படியே. பிளாஸ்டிக் கோப்பையை ஒழிப்பது நல்லதுதான், ஆனாலும் அசல் கணக்கு விமானத்தில் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது ரசிகர் அல்ல. வாழ்நாளில் ஒருமுறை உலகக் கோப்பை பார்க்கப் பணம் சேர்த்து வருபவரை நான் குறை சொல்லமாட்டேன். 64 ஆட்டங்களை 104 ஆக்கி, 2026 போட்டியை மூன்று நாடுகளின் 16 நகரங்களுக்குப் பரப்பியது யார்? 2030 போட்டியை மூன்று கண்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது யார்? அந்த மேசையில் முடிவானதை எத்தனை லட்சம் மரக்கன்றுகளாலும் திருப்ப முடியாது.

ஜெர்மனியில் நடந்த ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியான யூரோ 2024-இல் டிக்கெட் வாங்கியவர்களுக்கு 36 மணி நேரம் உள்ளூர்ப் பொதுப் போக்குவரத்து இலவசம். அலைச்சல் குறையும்படி குழு ஆட்டங்களையும் அருகருகே உள்ள நகரங்களில் வைத்தார்கள். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை.

போட்டி நடத்தும் உரிமையைக் கொடுக்க வாக்கெடுக்கும் முன்பே, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தால் பயணத்தால் மட்டும் எத்தனை டன் வெளியேறும் என்று வெளியிடச் சொல்லுங்கள். அணிகள் ஊர்விட்டு ஊர் ரயிலில் போகும்படி அட்டவணை போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சுவதற்கு கிரெடிட் வாங்கட்டும், எந்தத் திட்டத்திலிருந்து வாங்கினார்கள் என்பதையும் பெயரோடு வெளியிடட்டும்.