143ஆம் பக்கம்

போன வாரம் ஒரு தம்பி என் நாவலின் பிடிஎஃப்பை எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "அக்கா, இப்பத்தான் படிச்சு முடிச்சேன். அழுதுட்டேன். எங்க குரூப்ல எல்லாருக்கும் அனுப்பிட்டேன்" என்று கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். குரலில் உண்மையான அன்பு இருந்தது. அதனால்தான் அன்றைக்கு என்னால் பதில் போட முடியவில்லை. இப்போது போடுகிறேன்.

தம்பி, அதை எழுத எனக்கு ஆறு வருஷம் ஆனது. விடிகாலை நாலரைக்கு எழுந்தால் ஆறு மணி வரை எனக்கு. அப்புறம் பால், சமையல், பிள்ளைகளின் டிபன் பாக்ஸ், ஒன்பதே காலுக்கு ஆபீஸ் பஸ். பதிப்பகத்தில் முதல் பதிப்பு 300 பிரதிகள் போட்டார்கள். விலை 280 ரூபாய். ராயல்டி பத்து சதவீதம், புத்தகத்துக்கு 28 ரூபாய். அத்தனையும் விற்றால் 8,400. அந்தக் கணக்கைக் கேட்டு மூன்று முறை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும், கைமாற்று கேட்கிறவள் மாதிரி என் குரல் தானாக இறங்கிவிடும். என் உழைப்புக்கான காசைக் கேட்க எனக்கு ஏன் கூச்சம் வர வேண்டும்?

எழுத்தாளன் என்றால் கஷ்டப்பட்டுத்தான் ஆக வேண்டும் என்று நமக்குள் ஊறிப் போயிருக்கிறது. புதுமைப்பித்தன் 1948இல் காசநோயில் போனார். வயது 42. கு. அழகிரிசாமிக்கு 1970ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது அவர் இறந்த பிறகு கிடைத்தது. மேடையில் இதையெல்லாம் புராணம் மாதிரி உருகிச் சொல்கிறோம், கேட்கிறவர்கள் 'உச்' கொட்டுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தால் அவர்கள் எழுதியிருக்கக்கூடிய கதைகளை நாம் இழந்திருக்கிறோம். அதில் உருகுவதற்கு என்ன இருக்கிறது?

காசில்லாமல்கூட எழுதிவிடலாம். பயந்துகொண்டு எழுத முடியாது. 2015 ஜனவரியில் நான் பாதி நாவலில் இருந்தேன். திருச்செங்கோட்டுக் கோயில் திருவிழா வருகிற 'மாதொருபாகன்' நாவலுக்குச் சாதி, மத அமைப்புகள் எதிர்ப்புக் கிளப்ப, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார். திருச்செங்கோடு எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். என் கதையிலும் ஒரு கோயில் நோம்பி வருகிறது, சாதிப் பேச்சு வருகிறது. நோட்டை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். ஒன்றரை வருஷம் ஒரு வரி எழுதவில்லை. வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது போல. 2016 ஜூலையில் அந்த நாவல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அவர் மறுபடி எழுத வேண்டும் என்று தீர்ப்பிலேயே சொல்லியிருந்தார்கள். அன்று ராத்திரி நோட்டை வெளியே எடுத்தேன்.

சரி, எழுதி முடித்துப் புத்தகமும் வந்துவிட்டது. நாலு மாசம் ஒரு சத்தமும் இல்லை. திட்டிக்கூட யாரும் எழுதவில்லை. கிணற்றில் போட்ட கல் என்பார்களே, அப்படி. இனி எதற்கு எழுத வேண்டும் என்று இருந்த ஒரு மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து போன்.

"அம்மணி, குமாரபாளையத்துலருந்து பேசறனுங்க. தறி ஓட்டறவன். ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுல உங்க புஸ்தகம் வாங்குனேன். 143ஆம் பக்கத்துல ஒரு தப்பு இருக்குதுங்க."

பின்னால் தறிச் சத்தம். கத்தித்தான் பேசினார். தறியில் நெடுக்கே இருப்பது பாவு, குறுக்கே ஓடுவது ஊடு; ஊடு நூல் சுற்றிய தார் நாடாவுக்குள் இருந்து ஓடும். ஊடு நூல் தீர்ந்ததும் என் கதையில் வரும் செல்வி தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவதாக எழுதியிருந்தேன். "பாவு இழை அறுந்தாத்தானுங்க முடிச்சுப் போடோணும். ஊடு தீந்தா நாடாவுல தார் மாத்தோணும். அந்தப் புள்ள பதினஞ்சு வருசமாத் தறி ஓட்டுது. அதுக்கு இது தெரியாம இருக்குமுங்களா?"

ஆபீஸ் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செல்வி நான் விடிகாலையில் உட்கார்ந்து உண்டாக்கிய பெண். அவளுக்குத் தொழில் தெரியும் என்று எனக்கு எதிராக அவள் பக்கம் நின்று ஒருவர் வாதாடுகிறார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

தம்பி, நீங்கள் அழுததும் அவர் கோபப்பட்டதும் எனக்கு ஒன்றுதான். ஆனால் கூலி வேலை பார்க்கிற அவர் காசு கொடுத்து வாங்கினார். உங்களுக்கு வாங்க வசதியில்லை என்றால் சொல்லுங்கள், என் கையிலிருக்கும் பிரதியைத் தபாலில் அனுப்புகிறேன். நூலகத்தில் கேளுங்கள், படித்தவரிடம் இரவல் வாங்குங்கள், எனக்கு வருத்தமே இல்லை. குரூப்பில் போட்ட பிடிஎஃப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். முதல் 300 தீராமல் இரண்டாம் பதிப்பு வராது. இரண்டாம் பதிப்பு வராமல் 143ஆம் பக்கத்தை நான் திருத்த முடியாது. அதுவரைக்கும் செல்வி அங்கே தப்பாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பாள்.