சிவப்புக் காய் உனக்கு

(யாங்கூனில் ஒரு டீக்கடை. குட்டை ஸ்டூல்களில் மாமாவும் மருமகனும். நடுவில் பர்மியச் சதுரங்கமான சிட்டுயின் பலகை.)

மருமகன்: 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சதுரங்கப் பட்டத்தைக் குகேஷ் ஜெயித்தானே, அந்த 14ஆவது ஆட்டத்தை நேற்று மறுபடி பார்த்தேன் மாமா. எதிராளி டிங் லிரென் ஆடியது ரெட்டி ஓபனிங்.

மாமா: ரெட்டியா? நெல்லூர்க்காரரா?

மருமகன்: செக்கோஸ்லோவாக்கியா மாமா! 1924இல் நியூயார்க்கில் அப்போதைய உலக சாம்பியன் காப்பாபிளாங்காவையே சாய்த்தவர். அதற்கு முன் எட்டு வருஷம் காப்பாபிளாங்கா தோற்றதே இல்லை.

மாமா: சரி, யானையை எங்கே வைத்தார்கள்?

மருமகன்: மூலையில்தான். அங்கே எல்லாருக்கும் ஒரே அடுக்கு.

மாமா: இஷ்டத்துக்கு வைக்க முடியாதா? அப்புறம் என்ன ஓபனிங்! நம் ஆட்டத்தில் காய் வைக்கும்போதே பாதிச் சண்டை முடிந்துவிடும்.

மருமகன்: இதில் முதலில் குதிரை எஃப்3க்கு வரும். நடுக்கட்டங்களில் சிப்பாயை அடைக்காமல் தூரத்திலிருந்தே மிரட்டுவது.

மாமா: உன் அம்மா ஆட்டம். அடுப்படியில் இருந்தபடியே வாசலில் நிற்பவனை நடுங்க வைப்பாள்.

மருமகன்: கேளுங்கள். 55ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2இல் வைத்தார். போச்சு!

மாமா: ஒரு யானைக்கா இந்த அலறல்? ஓர் அடிக்கு மேல் நகராத பிராணி.

மருமகன்: அது உங்கள் பலகையில்! குகேஷ் ஆடும் சதுரங்கத்தில் யானைதான் உங்கள் ரதம், நேரே எவ்வளவு தூரமும் ஓடும். யானைக்கு யானை வெட்டு. உடனே குகேஷ் பிஷப்பை நீட்டினான். டிங்கின் பிஷப் மூலையில் மாட்டியிருந்தது, ஓட வழியில்லை. அதுவும் வெட்டு. மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும்தான், குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். 58இல் டிங் கை கொடுத்துவிட்டார். 18 வயதில் உலக சாம்பியன்!

மாமா: ஆகட்டும், நாம் ஒரு ஆட்டம் போடுவோம். தோற்றவர் டீக்காசு. நீ சின்னவன், சிவப்பை எடுத்துக்கொள். முதலில் நீயே வை மாப்பிள்ளை.

மருமகன்: பெரிய மனசு மாமா உங்களுக்கு. (எல்லாக் காய்களையும் வைக்கிறான்) ஆயிற்று.

மாமா: (கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு) ராஜாவை இங்கேயா ஒளித்தாய்? அப்படியானால் என் ரதம் இங்கே. தளபதி அங்கேயா? குதிரை, நீ இப்படி வாடா கண்ணு...

மருமகன்: மாமா! நான் வைத்ததைப் பார்த்துப் பார்த்தா வைக்கிறீர்கள்?

மாமா: கறுப்புக்கு அதுதான் சட்டம். தம்பி, ரெண்டு டீ! காசு இவரிடம் வாங்கிக்கொள்.

மருமகன்: இன்னும் ஆடவே இல்லையே!

மாமா: காய் வைத்தாயிற்று இல்லையா?