தலைகீழாக விழுந்த ஆறு சீட்டும் ஐயாயிரம் ரூபாய்ப் பரிகாரமும்

போன வாரம் இரவு பத்தரை மணிக்குச் சித்தி மகள் போன் செய்தாள். எடுத்ததுமே தெரிந்துவிட்டது, அழுதிருக்கிறாள். ஆன்லைனில் யாரோ ஒருவரிடம் காசு கட்டி டாரட் ரீடிங் (படச் சீட்டுகளைப் போட்டுக் குறி பார்ப்பது) எடுத்திருக்கிறாள். பத்து சீட்டு போட்டதில் ஆறு ரிவர்ஸ்டாக, அதாவது தலைகீழாக விழுந்ததாம். "உங்களுக்கு யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், அதுதான் சீட்டெல்லாம் புரண்டு நிற்கிறது. ஐயாயிரம் போடுங்கள், சுத்தம் செய்து தருகிறேன்" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில்.

"அக்கா, ஆறு சீட்டுன்னா ரொம்ப மோசமா?"

நான் ஏழெட்டு வருடமாகப் பொழுதுபோக்காக டாரட் போடுகிறவள். காசு வாங்குவதில்லை. நாளை நடப்பதை இந்த அட்டைகள் சொல்லும் என்ற நம்பிக்கையும் எனக்குக் கிடையாது. மனதில் கிடப்பதை வாய்விட்டுப் பேச ஒரு சாக்கு, அவ்வளவுதான். ஆனால் தலைகீழ் சீட்டை வைத்து ஆளைப் பயமுறுத்துகிறார்கள் என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். நன்றாகத் தலைமாறிக் கலந்த சீட்டுக்கட்டில் ஒவ்வொரு சீட்டும் நேராக வரவும் தலைகீழாக வரவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பூவா தலையா போடுவது போலத்தான். பத்து சீட்டில் ஒன்றுகூடத் தலைகீழாக வராமலிருக்க 1024 முறைக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. ஆறோ அதற்கு மேலோ தலைகீழாக வருவது நூற்றுக்குச் சுமார் 38 முறை நடக்கும். அப்படியானால் ரீடிங் எடுக்கிற நூறு பேரில் 38 பேருக்கு யாராவது செய்வினை வைத்திருக்க வேண்டும். இவ்வளவு வேலையை இழுத்துப் போட்டுச் செய்ய மந்திரவாதிகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

இதுவும் கட்டு அப்படிக் கலந்திருந்தால்தான். எத்தனை சீட்டு தலைகீழாக வரும் என்பது பெரும்பாலும் கலைக்கிறவர் கையில் இருக்கிறது. இதை நான் கற்றுக்கொண்டது என் அண்ணன் மகனிடம்.

டாரட் பழக ஆரம்பித்த முதல் வருடம் எனக்கு ஒரு சீட்டுகூடத் தலைகீழாக விழுந்ததில்லை. கைராசி என்று உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். விஷயம் என்னவென்றால், புதுக் கட்டில் 78 சீட்டும் ஒரே பக்கம் தலை வைத்து அடுக்கித்தான் வரும். கையில் பிடித்துச் சொருகிச் சொருகி எத்தனை நாள் கலைத்தாலும் வரிசை மாறுமே தவிர தலை மாறாது. பாதிக் கட்டைச் சுற்றி வைக்க வேண்டும், அல்லது பாயில் பரப்பி இரண்டு கையாலும் துழாவ வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன், அப்போது மூன்று வயது, கட்டைத் தூக்கிக் கூடத்தில் வீசினான். மின்விசிறி வேறு ஓடிக்கொண்டிருந்தது. சோபாவுக்கு அடியில் போன சீட்டுகளைத் துடைப்பத்தால் தள்ளி எடுத்தேன். எல்லாவற்றையும் அப்படியே அள்ளிச் சேர்த்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அன்று மாலை வந்த தோழிக்குப் போட்டால் பத்தில் ஏழு தலைகீழ். அவள் முகம் வெளிறிவிட்டது. பையன் காலையில் செய்த காரியத்தைச் சொன்ன பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

சரி, இந்தத் தலைகீழ் வழக்கம் எங்கிருந்து வந்தது? டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்தது. ஆட்டத்தில் சீட்டு எந்தப் பக்கம் பிடித்திருந்தால் என்ன? நம் வீட்டு ரம்மிக் கட்டில் ராஜாவுக்கு மேலும் கீழும் தலை இருக்கிறதல்லவா, பிரான்சில் இன்றும் டாரட்டை ஆட்டமாக ஆடுகிறவர்களின் கட்டும் அப்படித்தான், எப்படிப் பிடித்தாலும் நேர்தான். குறி சொல்வதற்கு நேருக்கு ஒரு பலன், தலைகீழுக்கு ஒரு பலன் என்று பிரித்து அச்சில் கொண்டுவந்தவர் எட்டெய்லா என்ற பிரெஞ்சுக்காரர். 1770இல் அவர் போட்ட அந்தப் புத்தகம் டாரட்டுக்குக்கூட இல்லை, 32 சீட்டுள்ள சாதாரண ஆட்டக் கட்டுக்கு. டாரட் பக்கம் அவர் பிறகுதான் வந்தார். இதில் எனக்குப் பிடித்த சங்கதி, அவருடைய நிஜப் பெயர் அலியெட். அதன் எழுத்துகளைக் கடைசியிலிருந்து திருப்பி எழுதினால் எட்டெய்லா. பெயரையே தலைகீழாக மாட்டிக்கொண்டு திரிந்த மனிதர்!

எல்லோரும் அவர் வழியில் போகவும் இல்லை. டாரட் பற்றிப் புத்தகம் எழுதிய ஆங்கிலேய மாந்திரீகர் அலெய்ஸ்டர் குரோலி தலைகீழ் பலன் பார்க்கவில்லை. பக்கத்தில் என்ன சீட்டு விழுந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு சீட்டுக்குப் பலம், பலவீனம் பார்த்தார். இன்றைக்கும் தலைகீழாக விழுந்தால் பேசாமல் நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் படிக்கிறவர்கள் எத்தனையோ பேர். இரண்டு வழியும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் எந்த வழி என்பதைக் கலைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். விழுந்த பிறகு எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்வது போங்காட்டம்.

தலைகீழ் என்றாலே கெடுதல் என்று நம் ஆட்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் எனக்கு வியப்புதான். நம் ஜோதிடத்தில் பின்னால் நகர்வதாகத் தோன்றும் கிரகத்துக்கு வக்ரம் என்று பெயர். வக்ரம் பெற்றால் பலம் கூடும் என்றல்லவா சொல்கிறார்கள். நீசமான கிரகம் வக்ரமானால் உச்ச பலன் தரும் என்று வாதாடுகிற ஜோதிடர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. இதை அப்படியே டாரட்டுக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. திரும்பி நிற்பதெல்லாம் சாபம் என்பது நம் ஊர்ப் பேச்சும் இல்லை என்கிறேன்.

அவளை ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். நாம் இன்று அதிகம் பார்க்கும் கட்டுதான், 1909இல் லண்டனில் வந்தது. படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை, பலன் எழுதியவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். வெயிட்டின் பலன்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். (ரம்மிக் கட்டில் ஹார்ட், ஸ்பேட் போல இதில் கோல், வாள், கோப்பை, நாணயம் என்று நான்கு இனம். சூரியன் மாதிரி தனிப் பெயருள்ள சீட்டுகள் வேறு.)

சூரியன், தலைகீழ். அதே சந்தோஷம்தான், கொஞ்சம் குறைவாக என்று முடித்துவிடுகிறார். கோல் நான்கு, தலைகீழ். பலனில் மாற்றமே இல்லை என்கிறார். வாள் பத்து, தலைகீழ். இவள் அதிகம் பயந்தது இதற்குத்தான். பயப்படுகிற மாதிரிதான் படமும் இருக்கும்: ஒருவன் குப்புறக் கிடப்பான், முதுகில் வரிசையாகப் பத்து வாள், மேலே கறுத்த வானம். ஆனால் நேராக விழுந்தால்தான் இது துயரம். தலைகீழாக விழுந்தால் லாபம், வெற்றி, நிலைக்காது என்று மட்டும் ஒரு எச்சரிக்கை. படத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். "வாளெல்லாம் கழண்டு விழற மாதிரி இருக்குக்கா" என்றாள்.

கோப்பை ஒன்றும் நாணயம் ஐந்தும் வெயிட் கணக்கில் நல்ல பலன் இல்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன். நாணயம் ஐந்து நேராக விழுந்தாலும் நல்லதில்லை, பனியில் இரண்டு ஏழைகள் நடந்து போகிற படம் அது.

ஆறாவதுதான் என்னை நிறுத்தியது. கோப்பை எட்டு. சிவப்பு உடையில் ஒருவன், எட்டுக் கோப்பைகளையும் அடுக்கியபடியே விட்டுவிட்டு, கோலை ஊன்றிக்கொண்டு நிலா வெளிச்சத்தில் மலைப்பக்கம் நடக்கிறான். முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. தலைகீழாக வந்தால் பெருமகிழ்ச்சி, விருந்து என்கிறார் வெயிட். பின்னால் வந்தவர்களில் பலர் கிளம்பியவன் திரும்பி வருகிறான் என்பார்கள். எனக்கு இரண்டும் ஒட்டுவதில்லை. தலைகீழ் சீட்டை நான் எப்போதும் அதே சீட்டாகத்தான் படிப்பேன், எங்கோ அடைத்துக்கொண்டு நிற்கிற அதே சீட்டாக. போக வேண்டும் என்ற எண்ணம் அப்படியே இருக்கிறது, கால் மட்டும் நகரவில்லை.

"நீ என்ன கேள்வி கேட்டுச் சீட்டு போடச் சொன்னே?"

"வேலையை விடலாமான்னு."

"ரிசைன் லெட்டர் எழுதிட்டியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"மூணு மாசமா டிராஃப்ட்ல இருக்குக்கா."

ஐயாயிரத்தை அனுப்பாதே என்று மறுபடியும் சொல்லிவிட்டு, லெட்டரைப் படித்துக் காட்டச் சொன்னேன். முதல் வரியிலேயே மேனேஜர் பெயரில் எழுத்துப்பிழை.