இணையத்தில் காட்டும் விலை காணியின் பெறுமதி ஆகாது

தம்பி, "அமெரிக்காவில் சில்லோ என்ற வீட்டு விலைத் தளம் சொல்லும் விலைக்குத்தான் வீடு விற்கிறது, இங்கேயும் இணைய விலை போதும், மதிப்பீட்டாளருக்குக் கொடுக்கிற காசு வீண்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. தன் கணிப்பு முறையான மதிப்பீடு ஆகாது என்று சில்லோவே சொல்கிறது. விற்பனைக்கு வராத வீடுகளில் அதன் இடைநிலைப் பிழை ஏறத்தாழ 7 சதவீதம். அதாவது பாதி வீடுகளில் அதைவிடக் கூட. விலையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்றுதான், வீடு வாங்கி விற்கும் தன் பிரிவை மூடுவதாக 2021 நவம்பரில் அறிவித்தது.

சரி, நம் திருகோணமலைக்கு வருவோம். இங்கே தளங்களில் இருப்பது விற்பவர் கேட்கும் விலை. உப்புவெளியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 20 பேர்ச் காணி, ஒன்று சொந்த உரிமைப் பத்திரம் உள்ள உறுதிக் காணி, மற்றது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி என்று வையுங்கள். விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் பெர்மிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது. கடலில் இருந்து 300 மீற்றருக்குள் என்றால் கட்டடத்துக்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதியும் பார்க்க வேண்டும். அப்புறம் பாதை அகலம், கிணற்றுத் தண்ணீர் உவரா நல்லதா என்பதெல்லாம் எந்தத் தளத்துக்குத் தெரியும்?

அம்மாவின் காணியை விற்கப் போவதாகச் சொன்னீர்கள். முற்பணம் வாங்குமுன் உறுதியையும் நில அளவைப் படத்தையும் ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்டுங்கள், தயவுசெய்து.