ஒயிலுக்குள்ள பெல்ட்டை முக்கி வைத்த புண்ணியவானே!

ரப்பரில் ஒயில் படக்கூடாது. இது சைக்கிள் கடையில் வேலை பழகுகிற பொடியனுக்கும் தெரிந்த விஷயம். எஞ்சினுக்குள் கிராங் தண்டையும் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் தண்டையும் கணக்குத் தப்பாமல் சேர்த்துச் சுழற்றுவது டைமிங் பெல்ட்; சில எஞ்சின்களில் அதே வேலையைச் செயின் செய்யும். பெல்ட் வைத்த பழைய கார்களில் கிராங் சீல் கசிந்து பெல்ட்டில் கொஞ்சம் ஒயில் பட்டாலே மெக்கானிக் பாஸ்மார் முகத்தைச் சுழிப்பார்கள். "சீலோட பெல்ட்டையும் மாத்துங்க சேர், இல்லாட்டி அறுந்திடும்." இப்படிக் கேட்டுக் கேட்டே வளர்ந்த எங்களுக்கு, பெல்ட்டைக் கொண்டுபோய் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே முக்கி வைத்த காரை விற்றிருக்கிறார்கள். கேட்டால் இது சாதாரண ரப்பர் இல்லையாம், ஒயிலைத் தாங்கும் எச்.என்.பி.ஆர் வகை ரப்பராம். தாங்கிய இலட்சணத்தை என் காரின் சம்பை, அதாவது எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கிற தட்டை, கழற்றிய அன்று பார்த்தேன்.

ஏன் முக்கினார்கள்? செயினை விட உராய்வு குறைவாம், சத்தம் குறைவாம், கொஞ்சம் பெற்றோல் மிச்சமாம். ஐரோப்பாவில் புகைக் கணக்கில் சில கிராம் குறைத்துக் காட்டவும் உதவுமாம். சரி, காட்டட்டும். அந்தச் சில கிராமுக்கு மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் இருக்கிற நான் ஏன் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும்?

இந்த எஞ்சின்கள் நம் பக்கம் வந்ததற்கு வரிதான் காரணம். இலங்கையில் எஞ்சின் சிசியைப் பார்த்து வரி போடுகிறார்கள். 1,000 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. மூன்று சிலிண்டர், டர்போ, 1,000 சிசிக்குக் கொஞ்சம் கீழே, உள்ளே லெதர் சீட் என்று ஐரோப்பாவுக்குச் செய்த கார்கள் இங்கே வந்து இறங்கின. "சின்ன எஞ்சின், பெரிய கார்" என்று எல்லோரும் வாயைப் பிளந்தோம். பொனட்டுக்குள் இருப்பது செயினா பெல்ட்டா, பெல்ட் என்றால் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022 நெருக்கடியில் ரூபாய் விழுந்து பெற்றோலுக்கு வரிசையில் கிடந்தோம். கார்கள் அசையாமல் கொட்டிலில் நின்றன. ஆனால் ரப்பருக்கு கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை, வயதும் கணக்கு. மீற்றரில் ஓட்டம் குறைவாக இருக்கிறதே என்று நாங்கள் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தபோது பெல்ட் பாட்டுக்குக் கிழடாகிக்கொண்டிருந்தது.

என் காரின் பிராண்டைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதை ஏற்கெனவே வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். முதலில் ஒயில் லைட்தான் மின்னியது. காத்தான்குடி நெரிசலில் நின்று நின்று போகும்போது ஒரு மின்னல், ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைந்துவிடும். கராஜில் காட்டினேன். "சென்சர்தான் சேர், மாத்தினாச் சரி." மாற்றினோம். லைட் போன மாதிரிப் போய் மறுகா வந்தது. "அப்ப வயரிங்." வயரிங்கும் பார்த்தார்கள். ஒயில் பிரஷர் லைட் எரிந்தால் பிரஷரை கேஜ் வைத்து அளக்க வேண்டும் என்று ஒரு மனிதருக்காவது தோன்ற வேண்டுமே! லைட்டை அணைப்பதுதான் வைத்தியம் என்று நினைக்கிறார்கள்.

கடைசியில் வேறொரு பாஸ் சம்பைக் கழற்றினார். ஒயில் பம்ப் உறிஞ்சுகிற குழாயின் நுனியில் ஒரு வலை வடிகட்டி இருக்கும். அந்த வலைக்குள் கறுப்புக் கறுப்பாகத் துணுக்குகள், மீன் செதிள் அப்பிய மாதிரி. எல்லாம் பெல்ட்டிலிருந்து உரிந்தவை. பெல்ட் அறவில்லை, பல் போகவில்லை, கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்தச் சனியனின் சூதே அதுதான். மற்ற பெல்ட் அறுந்தால் அறுந்தது, அத்தோடு கதை முடிந்தது. இது அறுவதற்கு முன்னால் தன் தோலை உரித்து உரித்து ஒயிலில் விடும். வலை அடைபடும், பம்புக்கு ஒயில் வராது, டர்போ காயும், பெயாரிங் காயும். சில எஞ்சின்களில் பிரேக்குக்கு வெற்றிடம் கொடுக்கிற பம்புக்குள்ளும் இந்தத் துணுக்குப் போய் பிரேக் மிதி கல்லாகிவிடும். கல்லடிப் பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக் கல்லானால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன், வயிற்றைக் கலக்கியது.

பெல்ட் ஏன் உரிகிறது? எஞ்சின் சூடேறும் வரை கூடுதலாக அடிக்கிற பெற்றோலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஒயிலுக்குள் இறங்கும். நேரடியாக சிலிண்டருக்குள் பெற்றோல் பாய்ச்சும் எஞ்சின்களில் இது இன்னும் கூட. நீண்ட தூரம் ஓடினால் ஒயில் நன்றாகச் சூடாகி அது ஆவியாகிப் போய்விடும். குறுகிய ஓட்டமென்றால் உள்ளேயே நிற்கும், ரப்பர் அதில் ஊறி வீங்கி வெடிக்கும். மட்டக்களப்பு வெயிலுக்கு எஞ்சின் எங்கே குளிரப் போகிறது என்று கேட்பீர்கள். வெளியே எவ்வளவு கொதித்தாலும் ஒயில் தன் வேலைச் சூட்டுக்கு வர கார் கொஞ்சத் தூரம் ஓட வேண்டும். எங்கள் கார் ஓடுவது பள்ளிக்கூடத்துக்கு, சந்தைக்கு, கோயிலுக்கு. மிஞ்சினால் கல்முனைக் கல்யாண வீடு. இந்த ஊரில் கார் வைத்திருக்கிற பாதிப்பேர் இப்படித்தான் ஓடுகிறோம்.

அடுத்தது ஒயில். இந்த எஞ்சின்களுக்கு கம்பனி சொல்கிற தரத்தில்தான் ஒயில் ஊற்ற வேண்டும். பாகுநிலை நம்பர் சரியாக இருந்தால் மட்டும் போதாது, கம்பனியின் அனுமதிக் குறியீடும் போத்தலில் இருக்க வேண்டும். கடையில் 5டபிள்யூ-20 கேட்டால், "தம்பி, அது தண்ணி மாதிரி ஒயில், நம்மட வெயிலுக்குச் சரிவராது, 20டபிள்யூ-50 ஊத்துங்க, எஞ்சின் சத்தமே வராது" என்று அன்பாகச் சொல்கிறார். அவருக்கு லாரியும் ஒன்று, இதுவும் ஒன்று. சேர்விஸ் ஸ்டேஷனில் இன்னொரு கூத்து: "எஞ்சின் பிளஷ் போடவா சேர்? உள்ள எல்லாம் கழுவிடும்." கழுவும் ஐயா, பெல்ட்டையும் சேர்த்துக் கழுவும்! அந்தக் கரைசல் இந்த ரப்பருக்கு விஷம்.

சரி, மாற்றலாம் என்று முடிவெடுத்தால் அங்கேதான் உண்மையான பாடு. வெளியே இருக்கிற பெல்ட் என்றால் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, குறியைப் பார்த்து, மாற்றிவிட்டு மத்தியானச் சோற்றுக்குப் போகலாம். இதற்கு எஞ்சினை ஜக்கில் தாங்கி மவுண்டைக் கழற்ற வேண்டும். மேல் மூடி கழற்ற வேண்டும். எஞ்சினின் முன்பக்கத்தை மூடியிருக்கிற பெரிய கவரை, எண்ணி முடியாத போல்ட்டுகளோடு, பசை வைத்து ஒட்டியதைக் கிளப்ப வேண்டும். பிறகு அந்தப் பசையைச் சுத்தமாகச் சுரண்டி, புதிதாகப் பூசி, ஒயில் கசியாதபடி மூட வேண்டும். இவற்றில் சில எஞ்சின்களின் கிராங்கில் புல்லியை நகராமல் பூட்டி வைக்கிற கீ கிடையாது. புல்லி வெறும் இறுக்கத்தில்தான் நிற்கும். கேமையும் கிராங்கையும் அதற்கென்று உள்ள லொக் கருவிகளால் பிடித்து வைக்காமல் நடு போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் அந்த இடத்திலேயே போச்சு. வால்வு பிஸ்டனில் போய் முட்டும். அந்த போல்ட்டும் ஒருமுறைதான், திரும்பப் பாவிக்கக்கூடாது.

இதைத் தெரிந்துதானே கேட்டேன், "லொக் செட் இருக்கா?" என்று. "அதெல்லாம் எதுக்கு அண்ணன், பெயிண்டால குறி போட்டுச் செஞ்சிடுவம்" என்றார் ஒருவர். கும்பிட்டுவிட்டு வந்தேன். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போன் அடித்தால், "புது பெல்ட் ஓடர் போடணும், கழட்டின எஞ்சின்ல பாவிச்சது ஒண்டு இருக்கு, நல்ல கண்டிசன், இரவு பஸ்ஸில போட்டுவிடவா?" என்கிறார்கள். பாவிச்ச டைமிங் பெல்ட்! விலையும் சும்மா இல்லை.

இன்னொன்று. பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு சம்பைத் தொடாமல் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய துணுக்கெல்லாம் வலையிலேயே கிடக்கப் புது பெல்ட் போட்டு என்ன பிரயோசனம்? சில எஞ்சின்களில் ஒயில் பம்பைச் சுற்ற உள்ளே இரண்டாவது பெல்ட் ஒன்றும் ஒயிலுக்குள் ஓடும். அதை யாரும் நினைப்பதே இல்லை.

கம்பனிகளுக்கு இது தெரியாமலா இருந்தது? 2012இல் வந்த ஃபோர்ட் 1.0 ஈகோபூஸ்டுக்கு 10 வருடம் அல்லது 2,40,000 கிலோமீட்டர் என்று பெல்ட் ஆயுள் சொன்னார்கள். பெஜோ, சித்ரோயன் கார்களின் 1.2 ப்யூர்டெக்குக்கும் முதலில் 10 வருடம். பிறகு 6 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டர் என்று இறக்கினார்கள். ஐரோப்பாவில் சனம் கூச்சல் போட்டதும் 2024இல் அங்கே உத்தரவாதத்தை 10 வருடம், 1,75,000 கிலோமீட்டர் என்று நீட்டிக் கொடுத்தார்கள். புதிய ஹைபிரிட் எஞ்சினில் சத்தமில்லாமல் செயினுக்குத் திரும்பிவிட்டார்கள். ஃபோர்டும் பிற்பாடு டைமிங்குக்குச் செயின் போட்டது, ஒயில் பம்புக்கு மட்டும் அதே ஒயிலுக்குள் பெல்ட். திருந்தவே மாட்டார்கள். பாரிஸில் இருக்கிறவனுக்கு உத்தரவாதம், பட்டிருப்பில் இருக்கிறவனுக்குப் பெயிண்ட் குறி.

இப்போது மச்சானுக்குக் கார் பார்க்கப் போகிறோம். விளம்பரத்தில் "செயின் எஞ்சின், ஒரு செலவுமில்லை" என்று போட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் இதே ஒயில் குளிக்கிற பெல்ட். இவற்றில் சிலதில் ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து டோர்ச் அடித்தாலே பெல்ட் தெரியும், முதுகில் வெடிப்பு இருக்கிறதா, ஓரம் பிய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அகலம் வீங்கியிருக்கிறதா என்று அந்த ஓட்டை வழியாகவே அளக்கக் கருவியும் உண்டு. நான் மூடியில் கை வைத்ததும் சொந்தக்காரர் ஓடி வந்தார்.

"நீங்க கார் பார்க்க வந்தீங்களா, எஞ்சின் கழட்ட வந்தீங்களா?"

"பெல்ட் பார்க்க வந்தன் அண்ணே. மாத்தின பில் இருந்தாக் காட்டுங்க, இல்லாட்டி மாத்துற காசைக் கழிச்சு விலையைச் சொல்லுங்க" என்றேன். அந்த மனிசன் பொனட்டைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.